தாயுமானவருக்கு வாழைத்தார், எதிர்வீட்டு அக்காவுக்கு?

ஆன்மிகக் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்து சென்ற ஆண்டு காலமானார். தலைத் திவசமும் முடிந்துவிட்டது. எங்களுடையது அறுபது வீடுகள் உள்ள சின்ன ஊர். நான் சென்னையில் வேலை பார்ப்பதால் மாதத்தில் பத்து நாள்தான் அம்மாவோடு இருக்க முடிந்தது. மீதி நாளெல்லாம் பார்த்துக்கொண்டது தெருதான். எதிர்வீட்டு அக்கா தினமும் கஞ்சி கரைத்து ஊட்டினார். பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் சம்பளத்துக்கு வந்து உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டார். நடுராத்திரியானாலும் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பையன்கள் ஓடிவருவார்கள். பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஊர்க் கோயிலில் மைக்கில் இவர்கள் பெயரைச் சொல்லி நன்றி கூற ஆசை. பெரியப்பா வேண்டாம் என்கிறார். ஊரறியச் சொன்னால் செய்தவர்களின் புண்ணியம் கரைந்துபோகுமாம். பழகிய மனுஷர்களுக்கு நன்றி சொல்வது அவர்களை அந்நியராக்குவது போலவாம். நான் என்ன செய்யட்டும்? (வாசகி, திருவையாறு அருகே)

பதில்: பெரியப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அத்தை வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு 'ரொம்ப நன்றி அத்தை' என்று சொல்லிப் பாருங்கள். 'என்னடா, ஓட்டல்ல சாப்பிட்ட மாதிரி பேசறே' என்பார். நம்மிடையே நெருக்கம் கூடக்கூட அந்தச் சொல் வாயில் வராது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம்; பக்கத்து வீட்டிலிருந்துதான் காபியும் உப்புமாவும் தூக்கில் வரும். தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரும் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பதில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் போய்க் காய் நறுக்குவார்கள். அதுதான் கணக்கு. பெரியப்பா இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். அவர் கூச்சம் எனக்குப் புரிகிறது.

ஆனால் புண்ணியம் கரையும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்தவரே சொல்லித் திரிந்தால் பலன் குறையும் என்றுதான் பெரியவர்கள் எச்சரித்தார்கள். பெற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை. கொடுத்த கைக்கு உள்ள விதியை வாங்கிய கைக்கும் போட்டுவிட்டார் பெரியப்பா.

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் திருச்சி எவ்வளவு தூரம்? மலைக்கோட்டையில் இருக்கும் சிவபெருமானுக்குப் பெயர் தாயுமானவர். தலபுராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்னாவதி என்ற பெண் நிறைமாதம். துணைக்கு வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டாள். வலி எடுத்த நேரத்தில் தாயின் உருவத்தில் ஒருத்தி வந்து பிரசவம் பார்க்கிறாள். வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, பத்தியம் சமைத்துப் போடுகிறாள். பிறகு உண்மையான தாய் வந்து வாசலில் நிற்க, உள்ளே இருந்தவள் மறைகிறாள்.

இதில் நான் பலமுறை நினைத்துப் பார்க்கும் விஷயம் அந்தப் பெயர்தான். திரிபுரம் எரித்ததற்கும் ஆலகாலம் உண்டதற்கும் அவருக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. அந்த மலையில் மட்டும், ஒரு வீட்டுக்குள் போய் வெந்நீர் வைத்த வேலையைத்தான் பெயராக வைத்து ஊரே கூப்பிடுகிறது. சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றைக்கும் வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு அத்தனை படி ஏறுகிறார்கள். ஊர் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். அதனால் சுவாமியின் புண்ணியம் கரைந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் எதிர்வீட்டு அக்கா செய்ததும் அதே வேலைதான். ஆகவே சொல்லுங்கள். மைக்கிலேயே சொல்லுங்கள். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் நான் ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். வாரம் ஒருமுறை முகச்சவரம் செய்ய ஒருவர் வீட்டுக்கே வருவார். அப்பாவுக்குக் கழுத்து நிற்காது. இடது முழங்கையில் தலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையில் கத்தி பிடிப்பார். ஆரம்பத்தில் கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளச் சொல்வார். அதுவும் அப்பாவால் முடியாமல் போனபின், தன் பெருவிரலாலேயே தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. தலைத் திவசம் முடிந்த கையோடு அவரைக் கூப்பிட்டு, ஐம்பது பேர் முன்னிலையில் பொன்னாடை போர்த்தினோம். சித்தப்பா எழுந்து 'உத்தமர்', 'தங்கமான மனசு' என்று பத்து நிமிஷம் பேசினார். அந்த முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மனிதர் வேர்த்து வழிய நின்றார். அன்றைய பந்தியில் அவரை எங்கே உட்காரவைத்தோம் என்பதை எழுதவே கூசுகிறது.

மறுநாள் காலையில் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். 'தம்பி, இத நான் எங்க போட்டுக்கிட்டுப் போறது? அய்யாவோட துண்டு ஒண்ணு இருந்தா குடுங்க, போதும்' என்றார். அப்பாவின் ஈரிழைத் துண்டைக் கொடுத்தேன். பல வருஷம் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் எங்கள் தெருவில் நடந்தார்.

அதனால், முதலில் நாலு பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள்: 'கோயிலில் சொல்லட்டுமா?' அந்த அக்கா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சுவாமியிடம் மட்டும் சொல்லுங்கள். சரி என்றால், குணத்தைப் புகழ வேண்டாம். செய்ததைச் சொல்லுங்கள். 'ஒரு வாய்க் கஞ்சியை அம்மா விழுங்க ஐந்து நிமிஷம் ஆகும். அக்கா ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை' என்று சொன்னால் போதும், கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். வரிசையில் சம்பளத்துக்கு வந்த பெண்ணின் பெயர் முதலில் வரட்டும். காசு வாங்கினார்தானே என்று யாராவது முணுமுணுப்பார்கள். காசுக்குத் துணி துவைக்க ஆள் கிடைக்கும்; அந்தத் துணியை முகம் சுளிக்காமல் எடுக்க ஆள் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்று படுக்கையில் ஆள் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அம்மா காலமான மாதத்துக்கு அந்தப் பெண்ணின் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தீர்களா, இல்லை நாள் கணக்குப் போட்டா? நாள் கணக்கு என்றால் மைக்கைத் தொடுமுன் மீதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சொல்லோடு நிற்காமல் ஏதாவது செய்யவும் வேண்டும் என்று தோன்றினால், அதற்கும் நீங்கள் தூரம் போகவேண்டாம். திருவையாற்றுக்குப் பக்கத்தில்தான் திங்களூர். அப்பூதியடிகள் ஊர். தாம் அதுவரை கண்ணால்கூடப் பார்க்காத திருநாவுக்கரசர், அதாவது அப்பர், பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார், தண்ணீர்ப் பந்தலுக்கும் வைத்தார். அந்த வழியாக வந்த அப்பரே பந்தலில் தம் பெயரைப் பார்த்துத் திகைத்து, உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதக் காரணம் என்ன என்று கேட்கிறார். இன்றைக்கு நம் கோயில்களில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரும் ஊரும் எழுதியதுபோக வெளிச்சம் வர இடமிருப்பதில்லை. அம்மா நினைவாகக் கோடையில் ஒரு நீர்மோர்ப் பந்தல் போடுங்கள். உங்கள் பெயருக்குப் பதில் 'மேலத்தெருவாருக்கு நன்றியுடன்' என்று எழுதுங்கள், அல்லது எந்தத் தெருவோ அதை.

'அவர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் நான் நிற்பேன்' என்று மட்டும் மைக்கில் சொல்லிவிடாதீர்கள். பட்டாபிஷேகம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும்போது ராமர் அனுமனிடம் பேசியதை வால்மீகி சொல்லியிருக்கிறார். கைம்மாறு செய்யவேண்டுமானால் உனக்கு ஆபத்து வரவேண்டும். அது வரவே வேண்டாம், நீ செய்த உதவி எனக்குள்ளேயே ஜீரணித்துப் போகட்டும் என்பது அதன் கருத்து. கடனாளியாகவே இருந்துவிடுகிறேன் என்று சக்கரவர்த்தித் திருமகன் ஒப்புக்கொண்ட இடம் அது.

கேள்வி: உதவியவர்களுக்கு நன்றி சொல்லும்போது, சுவர் ஒட்டிய வீட்டில் இருந்தும் எட்டிப் பார்க்காதவர்களை என்ன செய்வது? பெயரை விட்டுவிட்டால் அவர்களுக்கே உறைக்குமே! (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உறைக்க வேண்டும் என்று விட்டால் அது நன்றி அறிவிப்பு இல்லை, குற்றப்பத்திரிகை. அவர்கள் வீட்டுக்குள் என்ன இருந்ததோ? நோயாளி இருக்கும் வீட்டு வாசலைப் பார்க்கவே நடுங்குகிறவர்களும் உண்டு. எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். எதிர்ப்பக்கமும் ஒரு எச்சரிக்கை: உதவியவர் என்பதற்காக நாளைக்கு ஒரு வரப்புத் தகராறில் அவர் பக்கம் பொய்ச்சாட்சி சொல்லிவிடாதீர்கள். திருக்குறளில் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல், அடுத்ததே நடுவுநிலைமை. நன்றி பாராட்டும் இடத்தில்தான் நியாயம் சரியப் பார்க்கும், அதனால்தான் இந்த வரிசை என்று பரிமேலழகரே காரணம் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: மனைவியின் ஆபரேஷன் சமயத்தில் மூன்று வாரம் எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டு முஸ்லிம் குடும்பம். அவர்கள் பெயரில் அர்ச்சனை செய்யலாமா? நட்சத்திரம் தெரியாதே? (வாசகர், காரைக்கால்)

பதில்: சுவாமிக்கு நட்சத்திரம் ஒரு தடையில்லை. 'சுவாமி பேருக்கு' என்று தட்டைக் கொடுத்துவிட்டு, மனதுக்குள் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரசாதத்தை நேரே கொண்டுபோய் நீட்டிவிட வேண்டாம். சிலர் சந்தோஷமாக வாங்குவார்கள், சிலருக்கு அது சங்கடம். மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள். நன்றி வாங்குகிறவரைத் தவிக்க விடக்கூடாது. பழம் வாங்கிக்கொண்டு குழந்தைகளோடு போங்கள். அந்த மூன்று வாரத்தில் அங்கே என்ன சாப்பிட்டோம், எங்கே தூங்கினோம் என்று உங்கள் பிள்ளைகளே சொல்லட்டும். நோன்பு மாதத்தில் ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழம் அனுப்புங்கள்.

கேள்வி: உதவியவர்களை மேடையில் சொன்னால் அவர்களுக்குத் திருஷ்டி படாதா? (வாசகி, ராஜபாளையம்)

பதில்: பட்டால் பூசணிக்காய் இருக்கிறது. சொல்லாமல் விட்ட மனக்குறைக்கு எதைச் சுற்றி உடைப்பது?

கேள்வி: ஏழு வருஷம் மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். கடைசி மூன்று வருஷம் ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் போனதில்லை. பதினாறாம் நாள் எல்லோரும் கூடியிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய மைத்துனர்களுக்கும், வந்துபோன டாக்டருக்கும், சமையல்காரருக்கும்கூட என் கணவர் நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை. நான் அப்போது உள்ளே இலை எடுத்துக்கொண்டிருந்தேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னதற்கு, 'பலனை எதிர்பார்க்காதே என்று கீதையிலேயே இருக்கிறது' என்கிறார்கள். நான் எதிர்பார்த்தது பாவமா? தலைத் திவசத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. (பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: பாவம் இல்லை, சகோதரி.

கீதையில் அப்படி இருப்பது வாஸ்தவம். கண்ணன் அதை யாரிடம் சொன்னார்? வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம், அதாவது காரியம் செய்யவேண்டியவனிடம். அர்ஜுனன் உழைப்பால் ராஜ்ஜியம் பெறப்போகிற தருமனைக் கூப்பிட்டு, 'தம்பி பலனை எதிர்பார்க்கமாட்டான், நீ ஒன்றும் சொல்லவேண்டாம்' என்று சொல்லவில்லை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் அது கீதை. உதவி வாங்கிய வாய் உங்களுக்கு அதைச் சொன்னால், அது தப்பித்துக்கொள்ளும் வழி.

பெயர் வேண்டும் என்பது அகங்காரமோ என்று கலங்குகிறீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன், தான் கொடுத்ததோடு அக்கா குந்தவை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். அதோடு நிற்கவில்லை. கோயில் பணிக்கு வந்த நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் அந்தக் கல்லில் இருக்கிறது. விளக்குப் பிடித்தவர், தண்ணீர் தெளித்தவர், சவரம் செய்தவர், துணி வெளுத்தவர், தையல்காரர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. ஆயிரம் வருஷமாக அங்கே இருக்கிறார்கள். பேரரசனுக்கு இருந்த ஞாபகம் ஒரு வீட்டுக்காரருக்கு இருக்கக்கூடாதா?

திலகவதியாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சூலை நோயில் துடித்து இரவோடு இரவாக வந்த தம்பி அப்பருக்குத் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துப்போன அக்கா. தனக்கு மணம் பேசியிருந்தவர் போர்க்களத்தில் இறந்தபோது, இந்தத் தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்தவர். அறுபத்து மூவர் வரிசையில் அவர் இல்லை. ஆனால் அப்பர் வரலாற்றை எழுத உட்கார்ந்த சேக்கிழார், அக்காவை விட்டுவிட்டுத் தம்பியைச் சொல்லவில்லை.

உங்கள் கணவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. சமையல்காரர் வெளியாள், அதனால் தெரிந்தார். 'பரவாயில்லைங்க' என்று நீங்களே மூடிவிடாதீர்கள். தலைத் திவசத்தன்று உறவுக்காரர்கள் மறுபடியும் கூடுவார்கள். பந்தி ஆரம்பிக்குமுன் அவர் உங்களை உள்ளேயிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அந்த ஏழு வருஷத்தைச் சொல்லட்டும். அன்றைக்கு இலையை வேறு யாராவது எடுக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் படிக்கும் பேப்பருக்குள் வையுங்கள்.