பங்கில்லாத உணவில் பரக்கத் ஏது?



உண்ணவும் பருகவும் அனுமதி அளித்த அதே திருவசனத்தில், வீண் விரயம் செய்வோரைத் தான் நேசிப்பதில்லை என்றும் அல்லாஹுதஆலா எச்சரித்திருக்கிறான் (7:31). அனுமதியையும் எச்சரிக்கையையும் ஏன் சேர்த்துச் சொன்னான்? ஹராமான உணவில் மட்டுமல்ல, ஹலாலான உணவிலும் மனிதன் வழி தவறக்கூடும் என்பதால்தான். உணவு அல்லாஹ் அளிக்கும் ரிஸ்கு. அது வேடிக்கைப் பொருளாகிவிட்டால் அதன் கண்ணியம் போய்விடுகிறது.

இதற்கு நாம் நேரில் கண்ட ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் அமரில்லோ என்ற நகரில் ‘பிக் டெக்ஸன்’ என்னும் இறைச்சி உணவு விடுதி இருக்கிறது. பாப் லீ என்பவர் 1960-ஆம் ஆண்டில் தொடங்கியது. வழிப்பயணிகளை ஈர்க்க வெளியே பிரம்மாண்டமான மாட்டுச் சிலை. உள்ளே பழங்காலத்து மாட்டுக்காரர்களின் கோலம்.

அவ்விடுதிக்குப் பெயர் தேடித் தந்தது ஒரு பந்தயம். 72 அவுன்ஸ், அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையுள்ள மாட்டிறைச்சித் துண்டு. கூடவே இறால், சுட்ட உருளைக்கிழங்கு, காய்கறிக் கலவை, ரொட்டி. முன்னதாகப் பணம் கட்டிவிட வேண்டும். அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் உண்டு முடித்தால் பணம் திரும்பி வரும். முடியாவிட்டால் போனது போனதுதான். பந்தயக்காரரை மேடையில் அமர்த்திக் கடிகாரத்தை ஓட விடுகிறார்கள். சுற்றியிருப்போர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அந்த மாநிலத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் நம்மை அங்கே விருந்துக்கு அழைத்துச் சென்றார். “ஹஜ்ரத், வேதக்காரர்களின் உணவு நமக்கு ஆகுமானதுதானே? நானும் ஒரு தடவை மேடை ஏறிப் பார்க்கட்டுமா?” என்று விளையாட்டாகக் கேட்டார். கேள்வி விளையாட்டானாலும் பதில் விளையாட்டல்ல.

வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவு ஆகுமானது என்பது இறைவசனம்தான் (5:5). ஆனால் அறுத்தவர் யார், முறைப்படி அறுக்கப்பட்டதா என்று அறியாத இறைச்சிக்கு அதை ஆதாரமாக்குவது பேணுதல் ஆகாது. ஆகவே நாம் இருவரும் உருளைக்கிழங்கும் காய்கறியும் போதும் என்று சொல்லிவிட்டோம். விருந்தளிப்பவர் மனமும் நோகவில்லை. நம் தீனும் நின்றது.

இறைச்சி ஹலாலாகவே இருந்தாலும் பந்தயம் ஆகாது. பந்தயப் பரிசுக்கு அம்பெய்தல், ஒட்டக ஓட்டம், குதிரை ஓட்டம் ஆகியவற்றையே பெருமானார் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வந்துள்ளது. அவை போருக்கு மனிதனைத் தயார் செய்பவை. வயிற்றை நிரப்பும் போட்டி எதற்குத் தயார் செய்கிறது? மேலும், வென்றால் பணம் திரும்பும், தோற்றால் பறிபோகும் என்ற நிபந்தனையில் சூதாட்டத்தின் வாடை வீசுகிறது.

இவை எல்லாவற்றையும் விட நம் உள்ளத்தை உறுத்தியது அப்பந்தயத்தின் மற்றொரு விதி. அந்தத் தட்டில் வேறு எவரும் கை வைக்கக் கூடாதாம்! எஞ்சியதை அவ்விடுதிக்குள் பிறருக்குப் பகிர்ந்தளிக்கவும் கூடாதாம்! சிந்தித்துப் பாருங்கள். “உண்கிறோம், ஆனால் வயிறு நிறைவதில்லையே” என்று முறையிட்ட தோழர்களிடம் அண்ணலார் (ஸல்) அவர்கள், தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, ஒன்றுகூடி பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டால் பரக்கத் உண்டாகும் என்று வழிகாட்டினார்கள் (அபூதாவூத்). ஒருவர் உணவு இருவருக்குப் போதும் என்றும் அருளினார்கள் (முஸ்லிம்). அங்கோ பலர் உணவு ஒருவருக்கு. மற்றவர் தொட்டால் ஆட்டமே முடிந்தது! இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தபடியே தம் தட்டை நம் பக்கம் நகர்த்தினார்.

அயல்நாட்டுக் கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். பிரியாணி தின்னும் போட்டிகள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ட சமுதாயம் நாம். இன்று சில வலீமாக்களில் பாதி சஹன் குப்பைக்குப் போகிறது. வாசலில் ஏழை நிற்கிறார். வேண்டாம் என்பவர் தட்டில் வற்புறுத்திக் கொட்டுவதை உபசாரம் என்று எண்ணுகிறோம். வயிற்றைவிடக் கெட்ட பாத்திரம் எதையும் மனிதன் நிரப்புவதில்லை என்ற நபிமொழியை (திர்மிதீ) மறந்துவிட்டோம்.

தாய்மார்களே! பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் பரிமாறுங்கள். கேட்டால் மீண்டும் கொடுங்கள். வலீமா நடத்துவோரே! கை படாத உணவு எந்த எத்தீம்கானாவுக்கு, எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை அடுப்பு மூட்டும் முன்பே தீர்மானித்து, ஆளையும் நியமியுங்கள்.

அளிக்கப்பட்ட நிஃமத்துகளைப் பற்றி மறுமையில் நிச்சயம் கேட்கப்படும் (102:8). அன்று எவ்வளவு உண்டோம் என்பது பெருமை தராது. எவரோடு பகிர்ந்தோம் என்பதே கைகொடுக்கும்.

வல்ல ரஹ்மான் நமது உணவில் பரக்கத்தையும், உள்ளத்தில் போதுமென்ற குணத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.