பசித்தவனிடம் விலை பேசாதிருங்கள்

நிவாரண ஊழியத்துக்குப் புறப்படுகிற அன்பானவர்களே! உங்கள் பாரம் மெய்யானது என்பதை அறிவேன். ஆனால் பாரம் மட்டும் போதாது. பெட்டியைக் கட்டுமுன் ஹெய்ட்டியில் நடந்ததைக் கேளுங்கள்.

2010 ஜனவரி 12, மாலை 4.53. 7.0 அளவிலான நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் சரிந்தது. பேராலயம் இடிந்தது, பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ மாண்டார். ஏறத்தாழ 15 லட்சம் பேர் வீடிழந்தார்கள். கால்ஃப் மைதானம்கூட அகதி முகாமாயிற்று.

பதினேழாம் நாள், ஜனவரி 29 அன்று, எல்லையை நோக்கிச் சென்ற ஒரு பேருந்து மடக்கப்பட்டது. உள்ளே 33 பிள்ளைகளும், சபையின் பெயரால் வந்த பத்து அமெரிக்கர்களும் இருந்தார்கள். முறையான ஆவணம் எதுவும் இல்லை. அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ஆனால் பிள்ளைகளை மீட்டுக் காப்பகத்துக்குக் கொண்டுபோனபோது ஒரு சிறுமி, எனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று அழுதாள். அவளைப்போலப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பிள்ளைக்குப் படிப்பும் நல்ல சாப்பாடும் கிடைக்கும் என்ற வாக்கை நம்பி அவர்களே கொடுத்தனுப்பியிருந்தார்கள். வயிறு காய்ந்தவன் சொல்லும் சம்மதத்தைச் சம்மதமென்று எப்படிக் கொள்வது? அந்தப் பிள்ளையைத் தாயோடு வைத்துக் காக்க ஒரு மூட்டை அரிசியும் ஒரு கூடாரமும் போதுமே! பிள்ளையைப் பிரிக்காதீர்கள், குடும்பத்தைத் தாங்குங்கள்.

நிலம் அதிர்ந்த மறுநாளே பாட் ராபர்ட்சன் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியார், அந்நாட்டு முன்னோர் பிசாசோடு உடன்படிக்கை செய்ததாகப் பேசினார். இடிபாட்டுக்குள் பிள்ளையைத் தேடும் தகப்பனிடம் சொல்லத் தகுந்த வார்த்தையா இது? அழுகிறவனோடு அழத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு தண்ணீர்க் குடத்தையாவது சுமப்போம். சாபக் கணக்குப் பார்க்க நம்மை யாரும் அனுப்பவில்லை.

நல்ல ஊழியத்துக்கும் அதே மண்ணில் சாட்சி உண்டு. பிரேசிலின் குழந்தை மருத்துவர் ஜில்டா ஆர்ன்ஸ், 1983இல் தம் நாட்டில் தொடங்கிய ஊழியத்தில் ஏழைத் தாய்மாரையே பழக்கினார். அவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை எடைபோட்டார்கள், பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் புகட்டினார்கள். அந்த முறையைச் சொல்லிக்கொடுக்க ஹெய்ட்டிக்கு வந்தவர், தேவாலயத்தில் பேசி முடித்த சற்று நேரத்தில் அதே நிலநடுக்கத்தில் மாண்டார். லெயோகான் ஊரிலோ, எப்பிஸ்கோபல் சபையின் செவிலியர் கல்லூரி மாணவியர், வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து சேருமுன்பே காயம்பட்டவர்களுக்குக் கல்லூரி வளாகத்தில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரையும் பாஷையையும் அறிந்த கைகள் அவை. அவற்றைப் பலப்படுத்துவதே ஊழியம்.

ஆதிச் சபையும் இதைத்தான் செய்தது. பஞ்சத்தில் வாடிய யூதேயாவுக்கு அந்தியோகியாவின் சீஷர்கள் உதவி சேகரித்தபோது, பர்னபாவும் சவுலும் அதை அங்கிருந்த மூப்பர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஆகவே சொல்கிறேன். ரொட்டி வரிசையில் கைப்பிரதி நீட்டாதீர்கள். ஜெபத்துக்கு வந்தவனுக்கு முதல் பங்கு, வராதவனுக்கு மிச்சம் என்று பிரிக்காதீர்கள். காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்டவென்று அழுகிற முகத்தைப் படமெடுக்காதீர்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போங்கள். எல்லாம் இழந்தவனிடம் மிஞ்சியிருப்பது அவன் பிள்ளையும், நம்பிக்கையும், மானமும்தான். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி அவற்றில் கை வைக்க நமக்கு அதிகாரமில்லை.