சுவை ஒரு குற்றமா?

அமராவதி நகர் பக்கத்து வீடுகளில் அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வேகும்போது, சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் எழுப்பும் மணத்தில் மனம் லயிப்பவர் ஆன்மிகத்தில் ஒரு படி இறங்கிவிடுகிறாரா? நாவை அடக்கச் சொல்லும் துறவு மரபுகள் அப்படித்தான் எண்ணவைக்கின்றன. ஆனால் ஆசையைத் துன்பத்தின் வேராகக் காணும் பௌத்தத்தின் காப்பியமான மணிமேகலை, அமுதசுரபி என்னும் சோற்றுப் பாத்திரத்தை நாயகியின் கையில் கொடுக்கிறது. வள்ளலார் 1867இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

பசியாற்றுவது அறம், சுவை தேடுவது ஆசைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சுவை பெருந்தீனியாவதும் உண்டு. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் எச்சரிப்பது அந்த அளவு மீறலைத்தான், ருசியை அல்ல. வீட்டில் சமைப்பவர் உப்புப் பார்ப்பது பெரும்பாலும் தன் நாவுக்காக அல்ல. பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்பதற்காக. அக்கறையின்றிப் பொங்கிய சோறும் வயிற்றை நிரப்பும்தான். அதில் உண்பவர் மீதான மரியாதை இருக்காது. சுவை அந்த மரியாதையின் அடையாளம் என்பதால் அது குற்றமல்ல. இன்றிரவு ருசித்துச் சாப்பிடுங்கள். சமைத்தவர் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள்.