சிரிப்பின் திசை

ஒரு வீட்டின் உண்மையான அறநெறி எப்போது வெளிப்படுகிறது? செபிக்கும் நேரத்திலா? விருந்தினரை வரவேற்கும் நேரத்திலா? அவ்விரு வேளைகளிலும் நாம் விழிப்போடு இருக்கிறோம். விழிப்புத் தளரும் வேளை ஒன்று உண்டு. அதுதான் நாம் சிரிக்கும் வேளை. இரவு உணவுக்குப் பின் குடும்பமே தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கையில், யாரைக் கண்டு சிரித்தோம் என்பதைப் பெரியவர்கள் மறுநாளே மறந்துவிடுவர். பிள்ளைகள் மறப்பதில்லை. அதிலும், தான் மற்றவரைப் போல் இல்லையோ என்று உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒருபோதும் மறப்பதில்லை.

இவ்வெண்ணத்தோடு அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்களை நோக்குவோம். தன்பாலீர்ப்புடைய வளரிளம் பருவத்தினரை அன்புக்குரியவர்களாகச் சித்திரிக்கும் தொடர்கள் இந்நூற்றாண்டில் அங்கே வெளிவந்துள்ளன. இது நன்றா, தீதா என்று வினவுவோர் பலர். இத்தகைய சித்திரிப்பில் நன்மை என்பது எது என்று முதலில் வினவுவதே முறையாகும்.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். முதலாவது, பிறரை இகழ்வதால் பிறக்கும் சிரிப்பு. ஏனைய மூன்றும் மனிதரின் முதிராமையிலும் அறியாமையிலும் பிறப்பவை. முன்னதில் ஒருவர் தாழ்த்தப்படுகிறார். பின்னவற்றில் நாம் நம்மையே கண்டுகொள்கிறோம். நெடுங்காலமாகத் திரையில் பெண்மைச் சாயலுள்ள ஓர் ஆண் தோன்றினால் போதும், எள்ளல் தானே எழுந்தது. அவன் ஏதும் பேசவோ செய்யவோ வேண்டியதில்லை. இருப்பதே அவனது குற்றமாயிற்று.

இந்தத் திசை மாறத் தொடங்கியது 1971ஆம் ஆண்டில் எனலாம். நார்மன் லியர் உருவாக்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்னும் தொடரில், குடும்பத் தலைவர் ஆர்ச்சி தம் மருமகனின் மெல்லியல்புடைய நண்பனை எள்ளி நகையாடுகிறார். ஆனால் தன்பாலீர்ப்புடையவர் அந்த இளைஞர் அல்லர்; ஆர்ச்சி பெரிதும் மதிக்கும், முன்னாள் கால்பந்து வீரரான அவருடைய சொந்த நண்பரே. உண்மை அறிந்து ஆர்ச்சி திகைக்கும்போது அவையோர் சிரிக்கின்றனர். எள்ளியவரின் பேதைமையே அங்கே நகைக்குப் பொருளாயிற்று.

எனினும் அது முதியோர் உலகின் கதை. 1997இல் ‘எலன்’ தொடரின் நாயகி தன் உண்மையைச் சொன்னபோதும், 1998இல் ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடங்கியபோதும் திரையில் நின்றவர்கள் வளர்ந்தவர்களே. அவர்களுக்குத் தொழில் இருந்தது. தனி வீடு இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ பெற்றோரின் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. அந்தக் கதவு சாத்தப்பட்டால் அவன் செல்லுமிடம் தெருதான். ஆகவே பிள்ளையைப் பற்றிய கதையில், ‘இவன் யார்?’ என்பதைவிட, ‘இவனுக்கு இந்த வீட்டில் இடம் உண்டா?’ என்பதே கூர்மையான வினா.

இவ்வினாவைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் நடுவில் வைத்தே எழுப்பிய தொடர்கள் இரண்டு. 2016இல் தொடங்கி மறு ஆண்டில் முடிவுற்ற ‘தி ரியல் ஓ’நீல்ஸ்’ சிகாகோ நகரின் ஐரிஷ் வழிவந்த குடும்பமொன்றைப் பற்றியது. ஊரார் கண்ணுக்கு அது மாசற்ற குடும்பம். உள்ளேயோ, பெற்றோர் பிரிய முடிவு செய்திருக்கின்றனர்; பதினாறு வயது கென்னி தான் தன்பாலீர்ப்புடையவன் என்பதை மறைத்து வாழ்கிறான். முதல் அத்தியாயத்திலேயே எல்லாம் வெளிப்பட்டுவிடுகின்றன. தாய் ஐலீன் மகனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தடுமாறுகிறாள், மறுக்கிறாள், மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறாள். தொடர் ஒளிபரப்பாகும் முன்பே கத்தோலிக்கர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். யாருடைய இளமைக்காலத்தைத் தழுவி அது புனையப்பட்டதோ, அந்த எழுத்தாளர் திருச்சபையைப் பற்றி முன்னர்க் கூறியிருந்த கடுஞ்சொற்களே அதற்குக் காரணம். அவர்களின் மனக்காயம் பொய்யன்று. ஆயினும், அந்த வீட்டின் நோய் கென்னி அல்லன், ‘ஊரார் என்ன சொல்வார்கள்’ என்னும் அச்சமே என்று அத்தொடர் சொன்னது. அதைக் கேட்டு நாம் சினப்பதா, சிந்திப்பதா?

மற்றொன்று, 2017இல் வெளிவந்த ‘ஒன் டே அட் எ டைம்’. லியரின் பழைய தொடர் ஒன்று கியூபா வழிவந்த குடும்பத்தின் கதையாகப் புத்துருப் பெற்றது. தாய் பெனலோபி, போர்க்களம் கண்ட செவிலி. பாட்டி லிடியா, ஆழ்ந்த பக்தி உடையவர். மகள் எலேனாவின் பதினைந்தாம் பிறந்தநாளை உற்றார் சூழக் கொண்டாட ஏற்பாடுகள் நடக்கின்றன. அவ்வேளையில்தான் எலேனா, தன் மனம் பெண்களையே நாடுகிறது என்று வீட்டாருக்குச் சொல்கிறாள். பாட்டி முதலில், இது இறைவனுக்கு எதிரானது என்று தொடங்குகிறார். இறைவன் தம் சாயலில் படைத்தார், அவர் தவறு செய்வதில்லை என்று தொடர்கிறார். தீர்ப்பிட நான் யார் என்று 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டது நினைவுக்கு வருகிறது. இறுதியில் தம் பேத்தியைத் தழுவும் இடத்திற்கு வந்து சேர்ந்துவிடுகிறார். சில நொடிகளில் ஓர் ஆன்மா தன்னோடு தானே வழக்காடித் தோற்று வெல்வதைக் காண்கிறோம், சிரிக்கிறோம். அச்சிரிப்பில் எள்ளல் இல்லை.

பாட்டியைவிட என்னைச் சிந்திக்க வைத்தவள் தாய். அவள் மகளை நேசிக்கிறாள், ஏற்றுக்கொண்டேன் என்கிறாள். ஆயினும் உள்ளத்தில் ஒரு நெருடல். அந்நெருடல் இருப்பதே அவளுக்கு வெட்கம். பெற்றோர் பலரின் உண்மை நிலை இதுவே அன்றோ? அன்பு முழுமையாக இருக்கையில் புரிதல் அரைகுறையாக இருக்கலாம். தன் நெருடலின் சுமையை மகளின் தோளில் ஏற்றாமல் தானே சுமப்பதே அத்தாயின் அறம்.

இங்கே மூன்று ஐயங்கள் எழலாம். இத்தகைய கதைகள் பிள்ளைகளைத் திசைதிருப்பாவா என்பது முதல் ஐயம். திரையைப் பார்த்து எவரும் தம் ஈர்ப்பைப் பெறுவதில்லை. ஒரு வீடு தன் பிள்ளையை எப்படி நடத்தலாம் என்பதையே திரையிலிருந்து கற்கிறோம். 1994இல் ‘மை சோ-கால்ட் லைஃப்’ என்னும் தொடரில் (அது நகைச்சுவைத் தொடரன்று) ரிக்கி என்னும் சிறுவன் வீட்டை இழந்து கிறிஸ்துமஸ் காலத்தில் அலைகிறான். அவ்வேடம் ஏற்ற வில்சன் குரூஸ், தம் வாழ்விலும் தந்தையால் வெளியேற்றப்பட்டவர். அந்த அத்தியாயத்தைக் கண்ட பிறகே அவருடைய தந்தை மகனோடு மீண்டும் பேசலானார். கதை ஒரு மகனை மாற்றவில்லை. ஒரு தந்தையை மாற்றியது.

திருச்சபையின் படிப்பினைக்கு இது முரணாகாதா என்பது இரண்டாம் ஐயம். பாலுறவு ஒழுக்கம் பற்றிய படிப்பினையைத் திருச்சபை கைவிடவில்லை. அதே மறைக்கல்வி ஏடுதான் இவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் கனிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அநீதியான பாகுபாட்டின் சாயலும் கூடாது என்றும் பணிக்கிறது. 1997இல் அமெரிக்க ஆயர்கள் பெற்றோருக்கு விடுத்த மேய்ப்புப்பணி மடலுக்கு ‘என்றும் நம் பிள்ளைகள்’ என்னும் பொருள்படவே தலைப்பிட்டனர். ஒழுக்கத்தைப் போதிப்பதற்கும், முதலில் பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டுமே!

வாழ்வின் துயரை நகைச்சுவை இனிப்புப் பூசி மறைக்கிறதே என்பது மூன்றாம் ஐயம். இதில் உண்மை உண்டு. அரை மணி நேரத்தில் எந்தக் காயமும் ஆறிவிடாது. குறையே இல்லாத பிள்ளையாகக் காட்டுவதும் ஒருவகைப் பொய்தான். நல்லவனாய் இருந்தால்தான் இடம் என்றால், அது அன்பன்று, பேரம். ஆனால் எலேனா அப்படிப்பட்டவள் அல்லள். எதற்கெடுத்தாலும் கொள்கை முழங்கி வீட்டாரைச் சலிக்க வைப்பவள். அதற்காகக் குடும்பமே அவளைக் கேலி செய்கிறது. யாரை நேசிக்கிறாள் என்பதற்காக மட்டும் கேலி செய்வதில்லை. எல்லாரையும் போல அவளும் சிரிப்புக்கு ஆளாகிறாள் என்பதிலேயே அவள் அவ்வீட்டுப் பிள்ளை என்பது உறுதியாகிறது. சிரிப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவளும் ஒருவகையில் பந்தியிலிருந்து விலக்கப்பட்டவளே.

துயரையும் அத்தொடர் மறைக்கவில்லை. பிறந்தநாள் விழாவில் தந்தையும் மகளும் ஆடவேண்டிய வேளை வருகிறது. மகளை ஏற்க மனமின்றித் தந்தை வெளியேறிவிட்டார். ஒளி வட்டத்தின் நடுவில் பாட்டி தைத்துக் கொடுத்த வெண்ணிற உடையில் எலேனா தனித்து நிற்கிறாள். அப்போது தாய் எழுந்து வருகிறாள். பாட்டியும் தம்பியும் பிறரும் வந்து அவளைச் சூழ்ந்து கொள்கின்றனர். தந்தையின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. அவ்வெறுமையின் நடுவிலும் விழா நடக்கிறது.

ஊதாரி மகனின் உவமையில் விருந்துக்குள் நுழைய மறுத்து வெளியே நின்றவன் மூத்தவனே என்பதை நாம் மறக்கலாகாது. எலேனாவின் தந்தையும் அங்கேதான் நின்றார். நகைச்சுவைத் தொடரின் இலக்கணப்படி, என்ன நேர்ந்தாலும் அடுத்த வாரம் எல்லாரும் அதே கூடத்தில், அதே இருக்கையில் வந்து அமர்ந்தாக வேண்டும். திரை அளிக்கும் அந்த எளிய உறுதியை நம் வீடுகள் அளிக்கின்றனவா? இன்றிரவு தொலைக்காட்சி முன் நாம் சிரிக்கும்போது, மூலையில் அமர்ந்து நம் முகத்தைப் பார்க்கும் பிள்ளை அதற்கான விடையை நம் சிரிப்பிலேயே படித்துக்கொள்ளும்.