இளைப்பாற்றும் சங்காரம்

விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றை அடுத்த திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டதேவர், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பதைச் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே நிறுவி, அது எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனிடத்திலிருந்தே மீண்டும் தோன்ற வேண்டுமாதலின், ஒடுக்குகின்ற சங்காரக் கடவுளே முதற்கடவுள் என்று முடிவு கண்டார். அவருடைய மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் இன்னும் ஒரு படி மேலே சென்று, அழித்தல் என்பது பிறந்தும் இறந்தும் களைத்துப்போன உயிர்களை இளைப்பாற்றும் செயலே என்று விளக்கினார். எண்ணிப் பார்த்தால் இது எளிதில் ஏற்கத்தக்க கருத்தன்று. ஆக்குகிறவனையும் காக்கிறவனையும் கருணையாளன் என்று போற்ற யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அழிக்கிறவனை எவ்வாறு கருணையாளன் என்று அழைப்பது என்பதே சைவ சித்தாந்தம் நம்முன் வைக்கும் மிகக் கடினமான வினா.

இவ்வினாவை அண்டத்தில் வைத்து ஆராயுமுன் பிண்டத்தில் வைத்து ஆராய்வது நலம். நம் சரீரத்தில் ஒவ்வொரு நாளும் ஐயாயிரம் கோடிக்கு மேற்பட்ட உயிரணுக்கள் மடிகின்றன. இது விபத்தன்று, அந்த அணுக்களுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட நியதி. கருவில் வளரும் சிசுவின் கை முதலில் விரல் பிரியாத தகடாகவே உருவாகிறது. விரல்களுக்கு இடையில் உள்ள அணுக்கள் உரிய காலத்தில் மடிவதனாலேயே ஐந்து விரல்களும் பிரிகின்றன. 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி என்னும் மூவர் இத்தகைய அணு மரணத்தை ஆராய்ந்து அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். மிகச் சிறிய ஒரு புழுவின் வளர்ச்சியில் உண்டாகும் 1,090 அணுக்களில் 131 அணுக்கள் தவறாமல் மடிவதைக் கண்டு, அதன் மரபணு இரகசியத்தை வெளிப்படுத்திய பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர்க்கு 2002இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த மரணம் நிகழும் முறை வியப்புக்குரியது. காயம்பட்டுச் சாகும் அணு வீங்கி வெடித்துச் சுற்றுப்புறத்தையும் புண்ணாக்கும். நியதியின்படி மடியும் அணுவோ, காஸ்பேஸ் என்னும் நொதிகளைத் தன்னுள்ளேயே எழுப்பித் தன் கட்டுமானத்தைத் தானே அவிழ்த்து, மரபுப்பொருளை ஒழுங்காகத் துண்டித்து, சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, அண்டை அணுக்களும் விழுங்கணுக்களும் தன்னை உட்கொண்டு மீண்டும் பயன்படுத்தும்படி ஒடுங்குகிறது. வீக்கமும் இல்லை, வேதனையும் இல்லை. சங்காரத்திற்கு இளைப்பாற்றல் என்று பொருள் கண்ட அருணந்தியார் இதைக் கண்டிருக்க வழியில்லை; ஆயினும் அவர் சொன்ன தத்துவத்திற்கு இதைக் காட்டிலும் பிரத்தியட்சமான உதாரணம் ஒன்றை நான் அறியேன்.

அவ்வாறானால், மடிய மறுக்கும் அணு எத்தகையது? இரத்தப் புற்றுநோயில் நாம் காண்பது அதனையே. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் வெள்ளணு முதிர்ச்சியும் அடையாமல், தன் வேலையையும் செய்யாமல், மடியவும் மறுத்துப் பெருகிக்கொண்டே போகிறது. செவ்வணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் மஜ்ஜையில் இடம் இல்லாமற்போகிறது. இந்நோய் கண்ட பிள்ளை வெளுத்துச் சோர்கிறது, ஈறுகளில் இரத்தம் கசிகிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. அளவு மீறிய பிறப்பே புற்றுநோய் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1988இல், பிசிஎல்-2 என்னும் மரபணு அணுக்களைப் பெருகத் தூண்டாமல் மடியவிடாமல் தடுப்பதனாலேயே நோய்க்குத் துணைபோகிறது என்று காட்டிய பிறகே, தடைப்பட்ட மரணமும் புற்றுநோய்க்கு ஒரு மூலகாரணம் என்பது தெளிவாயிற்று. திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சூழ்ந்த ஏரிப் பாசன ஊர்களில் வாழும் குடியானவர் எவரும் இதை உடனே உணர்வர்: வரத்துக்கால் எத்தனை அவசியமோ அத்தனை அவசியம் கலங்கல், கலங்கல் அடைபட்ட ஏரி நிறைந்து வாழ்வதில்லை, கரை உடைந்து ஊரையே அழிக்கிறது.

இந்நியதி தாவரங்களுக்கும் உரியது. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையில், சங்கராபரணி ஆற்றங்கரையில், சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளி சந்நிதியும் விளங்கும் திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதையுண்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கல்லான அம்மரமாயினும் இன்றைய மரமாயினும், மரத்தின் தண்டில் நீரை மேலேற்றும் குழாய்கள், தம் சுவர்களைக் கட்டி முடித்தபின் தாமே உள்ளீடற்று மடிந்த அணுக்களின் கூடுகளேயாகும். அவை உயிரோடு நிலைத்திருந்தால் வேர் உறிஞ்சிய நீர் இலையைச் சென்றடையாது. ஒவ்வொரு விருட்சமும் தன்னுள் மடிந்தவற்றின் வழியாகவே தாகம் தீர்த்துக்கொள்கிறது.

இத்தகைய தாவர உலகிலிருந்தே இரத்தப் புற்றுநோய்க்கான ஔஷதங்கள் பல வந்துள்ளன. நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் நம்மவர் அழைக்கும் செடி மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டது. இங்கே வேலியோரத்திலும் மணற்பாங்கிலும் யாரும் நீர் வார்க்காமலே பூத்துக் குலுங்குகிறது. அதன் இலைக் கஷாயம் நீரிழிவைத் தணிக்கும் என்ற நாட்டு வழக்கைக் கேள்வியுற்ற கனடா நாட்டு ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950களில் அதனைச் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை; எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியில் 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து கிடைத்தது; அமெரிக்காவில் லில்லி நிறுவனத்தார் தனியே நடத்திய ஆய்விலிருந்து வின்கிறிஸ்டின் வந்து, 1963இல் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது. ஒரு கிராம் மருந்தைப் பெறப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். அத்தனை சூட்சுமமாக அச்செடி தன்னைக் காக்கும் நஞ்சை வைத்திருக்கிறது.

வின்கிறிஸ்டின் செய்வது என்ன? அணு இரண்டாகப் பிரியுமுன் டியூபுலின் என்னும் புரதத்தால் நுண்ணிய இழைகளை நூற்று, அவற்றைக் கொண்டே மரபுப்பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிட வேண்டும். மருந்து டியூபுலினைப் பற்றிக்கொள்வதால் இழை உருவாவதில்லை. அணு பிரியவும் இயலாமல் பின்வாங்கவும் இயலாமல் நடுவில் நிற்கிறது. நெடுநேரம் நின்றபின் அதன் உள்ளே உறங்கிக் கிடந்த மரண நியதி விழித்தெழுகிறது. அந்த அணு மறந்திருந்த ஒடுக்கத்தை இவ்வாறு அதற்கு மீட்டுத் தருவதே மருந்தின் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் விடுவது பாவம். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட புற்றணுக்களை மடியச் செய்யும் தாவரச் சாறுகள் அநேகம். அவற்றுள் நோயாளியின் படுக்கைவரை வந்து சேர்ந்தவை மிகச் சில. வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தாக்கவல்லது. இரத்தநாளத்தின் வழியாக மட்டுமே செலுத்தத்தக்கது. தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டால் உயிரையே மாய்த்துவிடும். ஆகவே வேலியோரத்து இலையைப் பறித்து வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பது வைத்தியமாகாது.

இனி மிகக் கனமான ஆட்சேபத்திற்கு வருவோம். அணு மடிவது நன்று என்றால், நோயால் ஒரு குழந்தை மடிவதும் இளைப்பாறல்தானே என்று யாரேனும் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்பவர் சித்தாந்தத்தைச் சரியாக உணர்ந்தவர் ஆகார். அணு உடலின் பொருட்டு உள்ளது. குழந்தை வேறெதன் பொருட்டும் உள்ளதன்று. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய அனைத்தும் ஆன்மாவின் பக்குவத்திற்காகவே இறைவனால் தரப்பட்டவை என்பது மெய்கண்டார் மரபின் கொள்கை. உடல் ஆன்மாவுக்கு அருளப்பட்ட கருவியாகையால், அக்கருவி தன் வேலையைத் தொடங்கும் முன்னே பறிபோவதைக் கண்டு, எல்லாம் அவன் செயல் என்று கையைக் கட்டி நிற்பது பக்தியாகாது. மகவை இழந்த தாயிடம் சென்று அழித்தலும் அருள் என்று உபதேசிப்பவன், உண்மையான ஒரு தத்துவத்தைக் கொடுமைக்குக் கருவியாக்குகிறான். அத்தத்துவம் துன்புறுவோருக்குச் சொல்வதற்கு உரியதன்று. துன்பத்தைத் துடைக்க வல்லவர்கள் தம் கடமையை உணர்வதற்கு உரியது. பொல்லாத பெருக்கம் ஒடுங்கவும் குழந்தையின் வாழ்வு நிலைக்கவும் மருத்துவர் செலுத்தும் ஒரு துளி மருந்தில் அழித்தலும் காத்தலும் ஒரே செயலாகி நிற்கக் காண்கிறோம். அழிப்பவனே கருணையாளனாக இருக்க முடியுமா என்ற வினாவுக்கு நான் அறிந்த விடை அதுவே.

இவ்விடை வெறும் சிந்தனையாக நின்றுவிடக் கூடாது. முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலும், மும்பையிலும் தில்லியிலும், 1980களில் வின்கிறிஸ்டினை ஓர் அங்கமாகக் கொண்டு வகுக்கப்பட்ட சிகிச்சை முறை, இந்தியக் குழந்தைகளில் முன்பு மிகச் சிலரே பிழைத்த இரத்தப் புற்றுநோயிலிருந்து பலரை மீட்டது. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், இன்று இந்நோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் இது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும் சிகிச்சை. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு போய்வர வேண்டும், தங்க வேண்டும், நல்ல உணவு தர வேண்டும். காய்ச்சல் தணிந்து பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும், நோய் தீர்ந்தது என்று எண்ணிச் சிகிச்சையை நடுவில் நிறுத்துவோரும் உண்டு; மறைந்திருந்த சில அணுக்கள் மீண்டும் பெருகுவதற்கு அதுவே போதும். அன்னதானத்தையும் திருவிழாவையும் சிறப்புற நடத்தும் நம் கோயில்களும் மடங்களும், சங்காரக் கடவுளைக் கருணைக் கடவுளென்று தொழும் அடியவர் ஒவ்வொருவரும், தத்தம் ஊரில் இந்நோயுற்ற குழந்தை உண்டா என்று விசாரித்து, அதன் பயணத்திற்கும் உணவுக்கும் பொறுப்பேற்று, கடைசி மருந்து செலுத்தப்படும் நாள்வரை அதன் பெற்றோருடன் நிற்பார்களானால், திருவெண்ணெய்நல்லூரில் எழுந்த அந்தச் சித்தாந்தத்தை அவர்கள் கற்றதோடு நில்லாமல் கைக்கொண்டவர்களும் ஆவார்கள்.