நல்லாத்தான் ஓடுது

புது டிராக்டர் வாங்கப் போகிறவருக்கு ஊரே சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: டீலரிடம் ஏமாந்துவிடாதே. இன்சூரன்ஸ் எவ்வளவு, ரிஜிஸ்ட்ரேஷன் எவ்வளவு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததே, அது பில்லில் தெரிகிறதா? எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் டீலரை நாம் ஏமாற்றக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மாமாவுக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். “நீ படிச்சவன், பேசத் தெரியும், கூட வா” என்றார். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பதாகத் திட்டம். பழையதை முந்தின இரவே ஷோரூம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிறுத்தியிருந்தார். ஏன் என்று காலையில்தான் சொன்னார். எண்ணெய் சூடேறினால் ஹைட்ராலிக் லிஃப்ட் நிற்காது, தூக்கிய ரோட்டவேட்டர் தானாக இறங்கிவிடும். ஆறின வண்டியில் தெரியாது.

ஷோரூமில் நானும் என் பங்குக்கு, “வேற கடையில பத்தாயிரம் கம்மியா தர்றாங்க” என்றேன். வேறு கடைக்கு நாங்கள் போகவே இல்லை. பழைய வண்டியைப் பார்த்த மெக்கானிக், “ஏதும் பிரச்சினை இருக்கா தம்பி?” என்று கேட்டார். “நல்லாத்தாண்ணே ஓடுது” என்றேன். அது பொய்யில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது.

சிசரோ கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ நூலில் ஒரு கேள்வி வருகிறது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுபோகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? சொல்லாமலிருப்பது மறைப்பது ஆகாது என்கிறார் டையோஜெனிஸ். வாங்குபவனுக்குத் தெரியாத எதையும் மறைக்கக் கூடாது என்கிறார் ஆன்டிபேட்டர். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம்.

எனக்கு ஆன்டிபேட்டரின் கட்டளை கொஞ்சம் அதிகம். மாமாவின் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை டீலரிடம் சொல்ல வேண்டியதில்லை. தன் அடிமட்ட விலையை அவரும் சொல்ல மாட்டார். அது இருவருக்கும் தெரிந்த ஆட்டம். இல்லாத கடையின் விலையைச் சொல்வது அந்த ஆட்டத்துக்குள் வராது. சம்பளம் பேசும்போது இல்லாத ஆஃபர் லெட்டரைக் காட்டும் நம் ஐடி வழக்கமும் இதே ரகம்தான். லிஃப்ட் விஷயம் இன்னும் மோசம். டீலர் அந்த வண்டியை வைத்து உழப்போவதில்லை, கைமாற்றி விடுவார். நஷ்டம் கடைசியில் போய்ச் சேரும் இடம், புது வண்டி வாங்க வசதியில்லாத ஒரு விவசாயி. மாமா மாதிரியே ஒருவர், மாமாவைவிடக் கையில் காசு குறைந்தவர்.

பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாததால் என்ன ஆகும் என்று 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் விளக்கினார். எந்த வண்டி பழுது என்று தெரியாதபோது, எல்லா வண்டிக்கும் சராசரித் தரத்தை எண்ணியே விலை சொல்வார்கள். நல்ல வண்டிக்காரன் சந்தைக்கே வரமாட்டான். “டீலருங்க பழைய வண்டிக்கு அடிமாட்டு விலைதான் கேப்பானுங்க” என்று நாம் திட்டுகிறோம். அந்த விலையில் என்னைப் போன்றவர்கள் சொன்ன ‘நல்லாத்தான் ஓடுது’களும் சேர்ந்திருக்கின்றன.

டீலர் தவறு செய்தால் காட்ட பில் இருக்கிறது. என் பதிலுக்கு பில் இல்லை. அன்று திரும்பும்போது மாமா எனக்கு டிபன் வாங்கிக் கொடுத்து, “நல்லா பேசினடா” என்றார். லிஃப்டைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், குறைகிற பணத்தை நான் தருகிறேன் என்று அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். என் சம்பளத்துக்கு அது பெரிய தொகையும் இல்லை.

அந்த வண்டி இப்போது யார் வயலில் நிற்கிறதோ. மத்தியானம் வெயில் ஏறி, வரப்பில் திரும்பும்போது ரோட்டவேட்டர் தானாகக் கீழே இறங்கும். அதை எனக்கு முன்பே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.