நியாய விலை எது?

புதிய பொருளுக்கு விலை சொல்வது எளிது. செய்தவன் சரக்கின் அடக்கத்தையும் வேலையாளின் கூலியையும் கூட்டி, அதன்மேல் தன் இலாபத்தையும் ஏற்றி, ஓர் அட்டையில் அச்சிட்டு ஒட்டிவிடுகிறான். பலகாலம் ஒருவர் கையில் பழகிய பொருளுக்கோ அத்தகைய அட்டை இல்லை. இரு மனிதர் எதிரெதிர் நின்று பேசும்போதுதான் அதன் விலை பிறக்கிறது. அந்தப் பேச்சில் நியாயம் எது, அநியாயம் எது? இருவரும் ஒப்பிவிட்டால் அதுவே போதுமா? அன்றி, ஒப்புதலுக்கு அப்பாலும் ஒரு நியாயம் நின்று நம்மைக் கேள்வி கேட்கிறதா?

இதனை ஆராய்வதற்கு அரிசியையோ மருந்தையோ எடுத்துக்கொண்டால், பசியும் பிணியும் குறுக்கே வந்து நம் இரக்கத்தைத் தூண்டிவிடும். விலையின் நியாயம் மட்டும் தனித்துத் தோன்றாது. ஆகவே எவருடைய உயிருக்கும் தேவையில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 'எம்.ஜி.பி.' என்னும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. இருவர் அமரும் வண்டி. 1798 கன சென்டிமீட்டர் எஞ்சின். மேலே மடக்கிவிடக்கூடிய துணிக் கூரை. நிலையான கூரையுடைய அதன் உடன்பிறப்பையும் சேர்த்தால் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இன்றும் அந்நாட்டில் அவை கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர் அலுவலகம் போவதற்காக வாங்குவதில்லை. வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காற்று முகத்தில் பட ஓட்டுவதற்காகவே வாங்குகிறார். இத்தகைய ஆடம்பரப் பொருளின் விற்பனையிலும் நியாயம் நம்மைக் கட்டுப்படுத்துமானால், வேறெந்த விற்பனையில்தான் அது நம்மை விட்டுவிடும்?

விற்பவர் முதலில் கையில் எடுக்கும் அளவுகோல், தாம் செய்த செலவு. வாங்கியது ஆறாயிரம் பவுன். தகடு மாற்றியது, வர்ணம் பூசியது, இருக்கைக்குத் தோல் தைத்தது எல்லாம் ஒன்பதாயிரம். ஆகப் பதினையாயிரம் என்று அவர் கணக்குச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதே நிலையிலுள்ள வண்டிகள் பத்தாயிரத்திற்குக் கிடைக்குமானால், அவர் கணக்கு யாருடைய கணக்கு? அந்த ஐயாயிரம் அவர் தம் மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலை. அந்த மகிழ்ச்சியை அவர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார். தாம் உண்டு முடித்த விருந்தின் செலவை அடுத்த பந்திக்காரரிடம் கேட்பது முறையாகுமா? பதினையாயிரம் கேட்பது பாவம் அன்று. கேட்க அவருக்கு உரிமையுண்டு. ஆனால், வண்டி அவ்வளவு பெறும் என்று சொல்வது வேறு. முன்னது ஆசை; பின்னது சாட்சியம்.

இரண்டாவது அளவுகோல் சந்தை. பிரிட்டனில் பழைய வண்டிகளின் விலையைத் தொகுத்துச் சொல்லும் கையேடுகள் 1930களிலிருந்தே வெளிவருகின்றன. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கச் சட்டங்களுக்கு இணங்க, இவ்வண்டிக்கு ரப்பர் முகப்பு வைத்து உடலையும் சற்று உயர்த்தினார்கள். அதற்கு முந்திய, குரோமியம் பூசிய முகப்புள்ளவற்றையே அன்பர்கள் அதிகம் விரும்புவதால், அவற்றின் விலையும் கூடுதல். வசந்தம் பிறக்கும்போது ஏறும் விலை குளிர் தொடங்கும்போது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் அநியாயமா? அன்று. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை வரையறுத்துத் தருமாறு மக்கள் வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது ஹதீது. எவருடைய பொருளிலும் அநீதி செய்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. ஒரு தீனாருக்கு ஆடு வாங்கிவரச் சொல்லி அவர்கள் அனுப்பிய உர்வா (ரலி) அவர்கள், அந்த ஒரு தீனாருக்கே இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, மீதி ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெருமானார் அவர்களைக் கண்டிக்கவில்லை; அவர்களுடைய வாணிபத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். எனவே இலாபம் மிகுதி என்பதனாலேயே ஒரு விலை அநியாயம் ஆகிவிடாது.

ஆனால் சந்தைக்கு இனம் தெரியுமேயன்றி, இந்த வண்டி தெரியாது. கையேட்டில் இருப்பது ஆயிரம் வண்டிகளின் சராசரி. நம் முன்னே நிற்பதோ ஒரே ஒரு வண்டி. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைக் கையேடு அறியாது.

ஆகவே மூன்றாவது அளவுகோலுக்கு வருகிறோம்: இருவரின் பொருத்தம். திருக்குர்ஆனும் வாணிபத்தைப் பரஸ்பர திருப்தியின்மீதே நிறுத்துகிறது. எனினும், திருப்தி எதன்மீது? மனிதன் தான் அறிந்ததற்கு மட்டுமே சம்மதிக்க முடியும். அறியாததற்கு அவன் தலையசைப்பது சம்மதம் ஆகாது.

இங்கே அந்த வண்டியின் அமைப்பை உற்று நோக்குவது நலம். கூரையுள்ள காரில் உடலின் பாரத்தைக் கூரையும் பங்கிட்டுத் தாங்குகிறது. கூரையில்லாத வண்டியிலோ தரைத்தட்டும், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டிபோல் ஓடும் தகடுகளுமே அப்பாரத்தைச் சுமக்க வேண்டும். இங்கிலாந்தின் ஈரமும், குளிர்காலத்தில் சாலைகளில் தூவும் உப்பும் அந்தப் பெட்டியை உள்ளிருந்தே அரிக்கின்றன. அரித்த இடத்தை வெட்டி நல்ல தகடு வைத்துப் பற்றவைப்பது பெருஞ்செலவு. பட்டி பூசித் தேய்த்து, மேலே பளபளவென்று வர்ணம் அடிப்பது சிறுசெலவு. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. காந்தத்தை வைத்தால் இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. ஜாக்கியில் தூக்கினால் பலமற்ற வண்டி நடுவில் வளைந்து, கதவு இறுகிக்கொள்ளும். வாங்க வருபவர் அனைவரும் காந்தமும் கையுமாகவா வருகிறார்கள்?

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவார்கள். மழையால் நனைந்தது என்றார் வியாபாரி. அவர் சொன்னது பொய் அன்று. தண்ணீர் தெளித்தவர் அவர் அல்லர். நனைந்ததை மேலே வைக்காமல் உள்ளே வைத்ததே அவர் குற்றம். துருவும் அப்படியே. அது மழையும் உப்பும் காலமும் செய்த வேலை. அதற்கு உடையவர் பொறுப்பாளி அல்லர். அதை எங்கே வைத்தார், எதனால் மூடினார் என்பதற்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். குறை இருப்பது பாவமில்லை. குறையை அடுக்கிவைக்கும் விதத்தில் பாவம் நுழைகிறது.

இந்தத் தீங்கு இருவரோடு முடிவதும் இல்லை. 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இயலாதவர் இரண்டிற்கும் நடுவான விலையையே கொடுக்க முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க மனமில்லாதவர் சந்தையைவிட்டு விலகுவார். எஞ்சுவன கெட்டவையே. எனவே துருவை மறைப்பவர் தம்மிடம் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. அடுத்த தெருவில் உண்மை பேசி விற்க நிற்பவரின் விலையையும் குறைத்துவிடுகிறார்.

சட்டம் இதைத் தடுக்காதா? ஓரளவு தடுக்கும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், தரமான பொருளையே தருமாறு வியாபாரியைக் கட்டாயப்படுத்துகிறது. தம் சொந்த வண்டியை விற்கும் தனிமனிதரோ பொய் சொல்லாதிருந்தால் பெரும்பாலும் போதும். கேளாததைத் தாமாகச் சொல்ல வேண்டுமென்று அவரை அது நெருக்குவதில்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயப் பரிசோதனையினின்று 2018 மே மாதம் முதல் அங்கே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. எம்.ஜி.பி. வண்டிகள் அனைத்தும் இன்று அந்த வயதைத் தாண்டியவை. பரிசோதகரின் கண் விலகிய இடத்தில் விற்பவரின் மனச்சாட்சியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் பிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்று நிபந்தனையிட்டு விற்றால் அது செல்லுமா? ஹனஃபீ மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்பவருக்கே தெரியாமலிருந்த குறை ஒன்றிலிருந்து மட்டுமே அவர் விடுபடுவார். தெரிந்து மறைத்ததிலிருந்து விடுபடமாட்டார். பிராணிக்கு மட்டும் ஏன் இச்சலுகை? உயிருள்ள உடலுக்குள் என்ன நோய் வளர்கிறது என்பதை வளர்த்தவனும் அறிய முடியாது. ஐம்பது ஆண்டு ஓடிய எஞ்சினும் ஏறத்தாழ அப்படித்தானே? ஆக, அறியாமைக்கு மன்னிப்பு உண்டு, மௌனத்திற்கு இல்லை. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டம், மிதமிஞ்சிய விலைநஷ்டம் எது என்பதற்குச் சரக்குகளில் இருபதில் ஒன்று, பிராணிகளில் பத்தில் ஒன்று, நிலம் வீடுகளில் ஐந்தில் ஒன்று என்று எல்லை கட்டியது. நாள்தோறும் கைமாறும் பொருளுக்கு விலை தெளிவாகத் தெரியும். அரிதாகக் கைமாறுவதற்குத் தெளிவு குறையும். நியாய விலை என்பது ஊசிமுனை அன்று, ஒரு வரப்பு. பொருளுக்குத் தக்கபடி அவ்வரப்பு அகலும் என்பதே இதன் கருத்து என்று கொள்ளலாம்.

இதுவரை விற்பவரைப் பற்றியே பேசினோம். வாங்குபவருக்குக் கடமை இல்லையா? கணவர் மறைந்தபின் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்தினால் போதுமென்று ஒரு மூதாட்டி நினைக்கிறார். வந்தவரோ அவ்வண்டியின் அருமையை அறிந்தவர். பழைய இரும்பின் விலையைக் கொடுத்து ஓட்டிச் செல்லலாமா? ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை முந்நூறு திர்ஹத்திற்குப் பேசப்பட்டது. குதிரையைக் கண்ட அவர்கள், 'உம் குதிரை இதைவிட அதிகம் பெறும்' என்று உடையவரிடம் சொல்லிச் சொல்லி, எண்ணூறு வரை தாமே ஏற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மையே நாடுவதாக நபியவர்களிடம் அவர்கள் வாக்களித்திருந்தார்கள்.

அப்படியானால் திறமைக்குப் பலன் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உர்வாவின் இலாபமும் ஜரீரின் தியாகமும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம், மறுக்கவில்லை. சந்தையறிந்தவரோடு சந்தையறிந்தவர் பேரம் பேசும்போது, அலைந்து தேடிப் பெற்ற அறிவுக்குக் கூலி உண்டு. 'எனக்கொன்றும் தெரியாது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒருவர் சொல்லிவிட்ட மறுகணமே வாங்க வந்தவர் அமீன் ஆகிவிடுகிறார். அறிவை விற்று இலாபம் பெறலாம். பிறர் நம்பிக்கையை விற்று இலாபம் பெறலாகாது.

பேரம் பேசுவதே இழிவு என்று எண்ணுவதும் பிழை. பயணத்தில் களைத்த ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தைப் பெருமானார் அவர்களே விலைபேசி வாங்கினார்கள். மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். விலைபேசுவது வேறு, அள்ளிக்கொடுப்பது வேறு. இரண்டும் ஒரே உள்ளத்தில் வாழலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பிறர் கேட்ட விலையை விட்டுவிட்டு, குறையற்ற அதே வகை வண்டிகள் உண்மையில் விலைபோன தொகையை எடுக்க வேண்டும். அது பன்னிரண்டாயிரம் பவுன் என்க. அடித்தகடு மாற்ற மூவாயிரம், கிழிந்த கூரைக்கு ஐந்நூறு எனத் தெரிந்த குறைகளைத் தீர்க்கும் செலவைக் கழிக்க வேண்டும். மிகுவது எண்ணாயிரத்து ஐந்நூறு. செய்த வேலைகளுக்கு ரசீதுகள் ஒழுங்காக இருந்தால், அவை வாங்குபவரின் ஐயத்தைப் போக்குவதால், சிறிது கூட்டலாம். மனைவியோடு கடற்கரைச் சாலையில் சென்ற நினைவுகளைக் கூட்டக்கூடாது. அவை வண்டியோடு கைமாறுவதில்லை. எண்ணாயிரத்திற்கும் ஒன்பதாயிரத்திற்கும் இடையே எங்கே முடிந்தாலும் அதை நியாயம் எனலாம். ஓட்டிய தூரத்தைக் காட்டும் மீட்டர் ஐந்து இலக்கத்தோடு நின்று மீண்டும் சைபரிலிருந்து தொடங்கியிருந்தால், அதையும் சொல்லிவிட்டே பேச வேண்டும்.

கணக்கு தவறலாம், அதற்கொரு சோதனை உண்டு. இந்த விலையை ஏன் கேட்கிறேன் என்பதை, வண்டியை உயரத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டிக்கொண்டே, வாங்குபவரின் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா? இந்த விலையை ஏன் கொடுக்கிறேன் என்பதை அந்த மூதாட்டியிடம் மறைக்காமல் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால், தொகை சற்று ஏறினாலும் இறங்கினாலும் அது நியாய விலையே. நாவு தயங்குமானால், கையேட்டின் கணக்கோடு காசுக்குக் காசு ஒத்திருந்தாலும் அது நியாய விலை ஆகாது.